மீன் தொட்டிக்கு ரெண்டே கால்

சனிக்கிழமை காலை மணி பத்து பத்துக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்களும், அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு.

தொலைக்காட்சியைப் பார்த்தபடி இடது ஓரத்தில் என் மனைவி தனேஸ்வரி. அவளை ஒட்டி வலது ஓரத்தில் எதிர்வீட்டுக் காளியம்மா அக்கா. இவர்கள் இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, சமையலறையைப் பார்த்தபடி பக்கத்து வீட்டு லோரி ஓட்டுநர் சசிகுமாரும், ஜெராமிலிருந்து வந்திருந்த அகிலனும். நால்வர் மடியிலும் பத்துக் கிலோ அரிசி மூட்டை ஒவ்வொன்று. நான் உட்காரவில்லை. கையில் கடிகாரத்தோடு தரையில் குப்புறப் படுத்திருந்தேன்.

அவர்கள் உட்கார்ந்திருந்தது நாற்காலியில் அல்ல. நாலடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் கொண்ட ஒரு மர ஸ்டாண்டின்மேல். மீன் தொட்டி வைப்பதற்காக என் கையால் நான் செய்தது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே, தொட்டி எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அதே இடத்தில், சாக்கட்டியால் கோடு போட்டு நிறுத்தியிருந்தேன்.

“தம்பி, இன்னும் எவ்ளோ நேரம்?” என்று கேட்டார் காளியம்மா அக்கா.

“எட்டு நிமிசம், அக்கா.”

“அரிசி மூட்டைய மடியில வச்சிக்கிட்டுப் பிள்ள பெத்தவ மாதிரி உக்காந்திருக்கேன். யாராச்சும் வந்தா என்ன நெனப்பாங்க?”

“பேரு வைக்க வந்திருக்கோம்னு நெனப்பாங்க” என்றான் சசி, திரும்பாமலே.

இது எப்படி ஆரம்பித்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

என் தங்கை விஜயராணி ரவாங்கில் இருக்கிறாள். தரை வீட்டை விட்டு ஒன்பதாவது மாடிக்குக் குடிபோகிறாள். புது வீட்டில் அவளுடைய நாலடி மீன் தொட்டிக்கு இடமில்லை. அதில் இரண்டு ஆஸ்கார் மீன்கள், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். கண்ணாடிக்குப் பக்கத்தில் யார் போனாலும் விரட்டிக்கொண்டு வருவதற்கு, தோட்டத்து மேற்பார்வையாளர் மாதிரி, மண்டோர் என்று பெயர் வைத்திருந்தாள். மற்றது, உணவு உருண்டைகளைப் போட்டால் பாய்ந்து விழுங்காது. ஒன்றைத் தின்றுவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்துதான் அடுத்ததைத் தொடும். அதனால் அதற்குக் கணக்குப்பிள்ளை என்ற பொருளில் கிராணி என்று பெயர். நானும் பாமாயில் ஆலையில் எடைமேடைக் கிராணிதான். இருபத்திரண்டு வருடமாக லோரிகளை ஏற்றி நிறுத்து, இறக்கி நிறுத்து, எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த மீன் ஒவ்வோர் உருண்டையாகச் சரிபார்த்துத் தின்பதை முதலில் பார்த்த அன்றைக்கே எனக்கு அது வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஆறு மாதமாக அதே நினைப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை அவளைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“விஜயா, மண்டோரையும் கிராணியையும் எனக்குக் குடுத்துரு.”

“குடுக்கலாம். எதுமேல வைப்பே?”

“நானே ஸ்டாண்டு செய்யுறேன்.”

“அண்ணே, செருப்பு அலமாரி ஞாபகம் இருக்கா?” என்றாள்.

இருந்தது. எட்டு வருடத்துக்கு முன் அவள் புதுமனை புகுந்தபோது நான் செய்து கொடுத்த அலமாரி அது. விருந்தாளிகள் வரவர முப்பது ஜோடி ஏறியது. உள்ளே ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது வாசலில் படாரென்று சரிந்தது. பலகைகளை வெறும் ஸ்குரூவின் பலத்தில் தொங்கவிட்டிருந்தேன்; அதுதான் தப்பு. உடைந்த பலகைகளில் ஒன்றை அவள் இன்றும் வைத்திருக்கிறாள், சொந்தக்காரர்கள் வந்தால் காட்டுவதற்கு.

“செருப்பையே தாங்காதது என் மீனைத் தாங்குமா? இங்க ரெஸ்தோரான்காரர் ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்காரு. அடுத்த வாரம் செவ்வாக்கெழம சாயங்காலம் வந்து தொட்டியோட தூக்கிருவாரு.”

“செஞ்சு முடிச்சுப் படம் அனுப்புறேன், பாரு.”

“போட்டோவுல எல்லாமே நிக்கும்லா. அந்த அலமாரியும் போட்டோவுல நல்லாத்தான் நின்னுச்சு. நீ கடுதாசி எழுது. வாட்ஸாப்புல ஆயிரம் விடுவே. கடுதாசியில நீ பொய் எழுதி நான் பாத்ததில்ல. தொட்டி கனத்துக்கு ஆளுங்கள உக்கார வச்சு, யார் யாரு உக்காந்தாங்க, எவ்ளோ நேரம், ஆடுச்சா, சத்தம் வந்துச்சா, அத்தனையும் எழுதி, உக்காந்தவங்க கையெழுத்தும் வாங்கி அனுப்பு. அதுக்கு முந்தின நாளு, திங்கக்கெழம, என் கைக்கு வரணும். அகிலன் தம்பியையும் அனுப்புறேன், கூட இருந்து பாக்கட்டும்.”

அகிலன் அவள் கணவனின் தம்பி. ஜெராமில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். வேவு பார்க்க ஆள் அனுப்புகிறாள் என்று தனேஸ்வரி சிரித்தாள்.

கடிதத்தைப் பற்றி விஜயா சொன்னது உண்மை. பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழகிய நாளிலிருந்து எனக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. வலது மூலையில் இடம், தேதி, அதன்கீழ் எண். தப்பாக எழுதினால் ஒரே கோடாக அடிப்பேன், அழிக்க மாட்டேன். அவளுக்கு அதுவரை நூற்றுப் பதினொரு கடிதம் எழுதியிருந்தேன். அவள் ஒன்றுக்கும் பதில் எழுதியதில்லை, ஆனால் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே கணக்குப் போட்டுவிட்டேன். தொட்டி நிறையத் தண்ணீர் இருநூற்றைம்பது லிட்டர், அதாவது இருநூற்றைம்பது கிலோ. கண்ணாடி ஐம்பது. மணலும் கல்லும் இருபது. மொத்தம் முந்நூற்று இருபது. ஆறரை மூட்டை சிமெண்டைக் கூடத்தில் நிறுத்தி வைப்பதற்குச் சமம். முந்நூற்றைம்பதுக்குச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். இந்தத் தடவை கனம் ஸ்குரூவில் இறங்கக் கூடாது. மேல்கட்டை காலின் தலையில் உட்கார வேண்டும். கால் தரையில் நிற்க வேண்டும். ஸ்குரூ வேலை, விலகாமல் பிடித்துக்கொள்வது மட்டும். நாலு கால். தனேஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்தால் அவள் கண்ணும் மீனின் கண்ணும் நேராக இருக்கும்படி, காலின் உயரம் இரண்டேகால் அடி.

மரம் வாங்கச் சசி போனான். பாசிர் பெனம்பாங்கில் ஒரு படகுப் பட்டறை முதலாளியை, தவுக்கேயை, அவனுக்குத் தெரியும். கடல் தண்ணீரில் கிடக்கிற மரம் மீன் தொட்டித் தண்ணீருக்குப் பயப்படுமா என்பது அவன் வாதம். அளவுகளைப் பட்டியலாக எழுதிக் கொடுத்தேன். அதை எங்கள் மேசையில் தேநீர்க் கோப்பைக்கு அடியில் விட்டுவிட்டு, ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பட்டறைக்குப் போய் நின்றுகொண்டு அழைத்தான். பின்னால் மர அறுப்பு இயந்திரம் கத்திக்கொண்டிருந்தது.

“அண்ணே, பேப்பர விட்டுட்டு வந்துட்டேன். சொல்லுங்க. மேல்கட்ட?”

“நாலடி. ரெண்டு.”

“குறுக்குக்கட்ட?”

“ஒன்றரை அடி. நாலு.”

“காலு எவ்ளோண்ணே?”

“ரெண்டே கால்.”

“ரெண்டே காலா?”

“ஆமாலா, ரெண்டே கால்.”

“முந்நூறு கிலோவுக்கு ரெண்டே கால் போதுமா?”

“அதுக்கு மேல போனா உங்க அண்ணிக்குத் தோதுப்படாது.”

“நிக்குமாண்ணே?”

“நல்லா நிக்கும். நீ மரத்த மட்டும் பாத்து எடு.”

ஐந்து மணிக்கு லோரி வந்து நின்றது. மேல்கட்டைகள் சரி. குறுக்குக்கட்டைகள் சரி. அவற்றோடு நாலங்குலத் தடிப்பில், ஐந்தடி நீளத்தில், ஆள் தோளில் தூக்கினால் தோள் இறங்கிவிடுகிற மாதிரி இரண்டு தூண்கள்.

“கால் எங்க, சசி?”

“இதுதாண்ணே கால்.”

“மிச்சம் ரெண்டு?”

“எந்த மிச்சம்? நீங்கதான ரெண்டே கால்னீங்க. ரெண்டு தடவ கேட்டேனே. தவுக்கேகூட, மேச செய்யுறீங்களா கொக்கு செய்யுறீங்களான்னு சிரிச்சாரு. ரெண்டு கால்ல நிக்கணும்னா தடியா இருக்கணுமேன்னு, இருக்கறதுலேயே மொத்தமானதா எடுத்தேன். நீளம் நீங்க சொல்லவே இல்ல. அதான் வெட்டாம அப்படியே கொண்டாந்துட்டேன்.”

தனேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்த காளியம்மா அக்கா, “நாலு கால்ல நிக்குறதுக்கே மகேந்திரன் கையில உத்தரவாதம் இல்ல. இதுல ரெண்டு காலா?” என்று என்னைக் கைகாட்டினார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அளவு நாடாவை எடுத்துத் தூணின்மேல் போட்டேன். ஐந்தடி என்றால் அறுபது அங்குலம். இரண்டேகால் அடி என்றால் இருபத்தேழு. ஒரு தூணிலிருந்து இரண்டு கால், ஐம்பத்து நாலு. இரண்டு தூணுக்கு நாலு கால். கடையில் கேட்டிருந்தால் இவ்வளவு தடித்த காலை நான் கேட்டிருக்கவே மாட்டேன். ஒவ்வொரு தூணிலும் கிட்டத்தட்ட ஆறங்குலத் துண்டு மிச்சமானது. தூக்கிப் போட மனம் வராமல் அவற்றை அடுப்படி மூலையில் வைத்தேன்.

வியாழனும் வெள்ளியும் வேலை விட்டு வந்ததும் ரம்பம்தான். அந்த மரம் அறுபட மறுத்தது. நானும் சசியும் மாறி மாறி அறுத்தோம். வெள்ளி மாலை கடைசி ஸ்குரூவை முடுக்கிவிட்டு, கையை எடுத்துப் பார்த்தபோது அது தானாக நின்றது. நான் அதைச் சுற்றி மூன்று தடவை நடந்தேன். தனேஸ்வரி, “கும்புடுறதுன்னா கும்புட்டுக்குங்க” என்றாள்.

சனிக்கிழமை காலையில் எடை பார்ப்பதில் ஒரு சிக்கல் வந்தது. குளியலறைத் தராசைக் கூடத்தில் வைத்ததும் சசி ஏறினான், தொண்ணூற்றிரண்டு. அகிலன் ஏறினான், எழுபத்தொன்று. காளியம்மா அக்கா ஏறவில்லை.

“லோரிய நிறுக்குற ஆளுகிட்ட நான் ஏறமாட்டேன். கடுதாசியில எழுதி ரவாங் வரைக்கும் அனுப்புவே.”

“எழுதாம எப்படிக்கா கணக்குக் காட்டுறது?”

கடைசியில் பெண்கள் இருவரும் தராசையும் கால்குலேட்டரையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். வெளியே வந்து கூட்டுத்தொகையை மட்டும் சொன்னார்கள், நூற்று நாற்பத்தெட்டு. நாலு அரிசி மூட்டை நாற்பது. மொத்தம் முந்நூற்று ஐம்பத்தொன்று. ஒரு கிலோ அதிகம். எனக்குத் திருப்தி.

அப்படித்தான் மணி பத்து பத்துக்கு அவர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் நிமிடம், ஒன்றுமில்லை. இரண்டாவது, மூன்றாவது, ஒன்றுமில்லை. மேல்கட்டையின் கீழ் நான் கட்டியிருந்த நூலுக்கும் மரத்துக்கும் இடைவெளி மாறவே இல்லை. எனக்குத் தரையில் படுத்தபடியே சிரிப்பு வந்தது. நாலாவது நிமிடம் சசி எதையோ சொல்ல, காளியம்மா அக்கா சிரித்துக்கொண்டே திரும்பினார்.

டொக்.

அக்கா மெதுவாகப் பழைய இடத்துக்கு நகர்ந்தார். மறுபடியும், டொக். அகிலனுக்குக் கீழே, சமையலறைப் பக்கத்துக் கால் ஒன்று தரையை விட்டு எழும்பி, திரும்ப உட்கார்ந்தது. என் கண்ணுக்கு ஒரு முழம் தூரத்தில் அதைப் பார்த்தேன்.

“எல்லாரும் எறங்குங்க” என்றேன்.

இறங்கினார்கள். சசி காலை ஆட்டிப் பார்த்தான். “காலு கெட்டிதாண்ணே. தரைதான் சரியில்ல.” 

பிறகு குரலைத் தாழ்த்தினான். “அடியில அட்டைய மடிச்சு வச்சா முடிஞ்சிச்சு. இத எழுதாதீங்க.”

“மாமா, நான் ஒண்ணும் பாக்கல” என்றான் அகிலன். வேவு பார்க்க வந்தவன் அவன்தான். “நெசமாத்தான் சொல்றேன். இத எழுதினீங்கன்னா அண்ணி அந்த வரியோட நிறுத்திருவாங்க. ரெஸ்தோரான்காரருக்குப் போன் போயிரும். சரி பண்ணிட்டு, அப்பறம் நடந்தத மட்டும் எழுதுங்க. அதுவும் உண்மதான?”

உண்மைதான். அதை யோசித்துக்கொண்டு நின்றேன் என்பதை மறைக்கவில்லை. கிராணி ஓர் உருண்டையைத் தின்றுவிட்டுச் சுற்றி வருவது கண்ணில் நின்றது.

தனேஸ்வரி அரிசி மூட்டைகளைச் சுவரோரமாக அடுக்கிக்கொண்டே சொன்னாள், “நூத்திப் பதினொண்ண நம்புனவ நூத்திப் பன்னெண்டையும் நம்புவா. அப்படியே எழுதுங்க. முதல்ல அந்தக் கால் ஏன் தூக்குதுன்னு பாருங்க. மணி ஆகுது.”

ஊரில் உள்ள கூரியர் கடையிலிருந்து வேன் ஒரு மணிக்குக் கிளம்பும். அதை விட்டால் கடிதம் திங்கட்கிழமை ரவாங் போய்ச் சேராது. மணி பத்தரை.

தரையைப் பார்க்க என்னிடம் மட்டக்கோல் இல்லை. ஆனால் தொட்டித் தண்ணீர் மாற்றுவதற்காக முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த தெளிவான பிளாஸ்டிக் குழாய் இருந்தது. மீன் வருவதற்கு முன்பே அதை வாங்கியதற்குத் தனேஸ்வரி ஒரு வாரமாகக் கேலி செய்துகொண்டிருந்தாள். அதில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை நான் ஒரு காலோடு சேர்த்துப் பிடித்தேன். மறுமுனையை அகிலன் ஒவ்வொரு காலாகக் கொண்டுபோனான். குழாய்க்குள் தண்ணீர் இரு முனையிலும் ஒரே மட்டத்தில் நிற்கும், மரம்தான் மாறும். அகிலன் பென்சிலால் கோடு போட்டான். கூடத்துப் பக்கத்துக் கால்கள் இரண்டும் சமம். சமையலறைப் பக்கத்தில் ஒன்று ஐந்து மில்லிமீட்டர் தாழ்வு. மற்றதில், தரைக்கும் காலுக்கும் உள்ள இடைவெளியையும் சேர்த்தால், எட்டு.

“கழுவித் தள்ளுற தண்ணி பின்னால ஓடட்டும்னு வீடு கட்டுனவன் சரிவு வச்சிருக்கான்” என்றார் காளியம்மா அக்கா. “எங்க வீட்டுலயும் அப்படித்தான். உருளக்கெழங்கு உருண்டா நேரா பின்கதவுதான்.”

அட்டை வைக்க முடியாது. தண்ணீர் பட்டால் ஊறி நசுங்கும். வேறு மரம் வைத்தால் இந்தக் கனத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாது. அதே மரமாக இருந்தால்தான் நம்பலாம்.

“அதே மரத்துக்கு எங்க போறது?” என்றான் அகிலன்.

நானும் சசியும் ஒரே நேரத்தில் அடுப்படி மூலையைப் பார்த்தோம்.

ஆறங்குலத் துண்டுகள் இரண்டும் அங்கே இருந்தன. சசி சரியாகக் கேட்டிருந்தால் நாலு கால் மட்டும் வெட்டி வந்திருப்பான். இந்தத் துண்டுகள் பட்டறையில் தவுக்கேயின் அடுப்புக்குப் போயிருக்கும். சசி ஒன்றைத் தூக்கித் தலைக்குமேல் காட்டினான், கோப்பை வென்றவன் மாதிரி. “நான் செவிடு இல்லண்ணே. முன்னாலயே தெரிஞ்சுதான் கொண்டாந்தேன்.”

“தெரிஞ்சவரு அறுங்க” என்று தனேஸ்வரி ரம்பத்தை நீட்டினாள்.

நீளவாக்கில் அறுத்து இரண்டு தகடுகள் எடுப்பதற்குள் மூவருக்கும் சட்டை நனைந்தது. இழைப்புளியால் இழைத்து, உப்புத்தாளில் தேய்த்து, அளந்து, மறுபடி தேய்த்து, ஒன்றை ஐந்துக்கும் மற்றதை எட்டுக்கும் கொண்டுவந்தேன். காலடியில் வைத்து முடுக்கினோம். குழாயைப் பிடித்துப் பார்த்தோம். நாலு மூலையிலும் தண்ணீர் ஒரே கோட்டில் நின்றது.

மணி பதினொன்று ஐம்பது. அதே ஆட்கள், அதே இடங்கள், அதே மூட்டைகள். இந்தத் தடவை காளியம்மா அக்காவை வேண்டுமென்றே திரும்பச் சொன்னேன். திரும்பினார். இடது பக்கம், வலது பக்கம். சசியை எழுந்து தொப்பென்று உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தான். தனேஸ்வரி, “ஏய், மெதுவா” என்று அதட்டினாள். அதற்கும் ஸ்டாண்டு வாயைத் திறக்கவில்லை. பத்தாவது நிமிடம் முடிந்ததும் யாரும் இறங்கவில்லை. அகிலன், “இன்னும் அஞ்சு நிமிசம் வைங்க மாமா” என்றான். வைத்தேன். அது முடிந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

கடிதம் எண் நூற்றுப் பன்னிரண்டு. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று தொடங்கினேன். எடைகளை எழுதினேன். பெண்கள் இருவர் சேர்ந்து நூற்று நாற்பத்தெட்டு, பிரித்துக் கேட்கக் கூடாது என்றும் எழுதினேன். பிறகு:

“முதல் சோதனையில் நாலாவது நிமிடம் ஸ்டாண்டு இரண்டு முறை ஆடியது. இரண்டு முறையும் ‘டொக்’ என்று சத்தம் வந்தது. நான் கண்ணால் பார்த்தேன். காரணம் தரைச் சரிவு. அதே மரத்தில் தகடு செய்து வைத்தோம். இரண்டாவது சோதனையில் பதினைந்து நிமிடம் ஆடவில்லை, சத்தமும் இல்லை.”

அதன்கீழ் ரெண்டே கால் கதையையும் எழுதினேன். அது அரைப் பக்கம் போயிற்று. நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள். அகிலன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பித் தரவில்லை. குனிந்து, என் எழுத்துக்குக் கீழே தானும் எழுதினான்:

“அண்ணி, ஆடினதை எழுத வேணாம்னு சொன்னது நான். மாமா கேக்கல. நானும் அதுமேல உக்காந்து பாத்துட்டேன். மீன இவருக்கே குடுங்க.”

மணி பன்னிரண்டு நாற்பது. சசியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினேன். பாதி வழியில் சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது. விஜயராணி. காற்று இரைச்சலில் கேட்காது என்று ஒலிபெருக்கியில் போட்டேன்.

“அண்ணே, என்னாச்சு? அகிலன் போன எடுக்க மாட்டேங்குறான்.”

“கடுதாசி வருது. படிச்சுக்க.”

“ஒரே ஒரு வார்த்த சொல்லு. நிக்குதா?”

“கடுதாசியில இருக்கு.”

“எத்தன கால்ல நிக்குதுன்னாச்சும் சொல்லேன்.”

சசி முன்னாலிருந்து கத்தினான், “ரெண்டே கால், அக்கா.”

“என்னது, ரெண்டே காலா?” என்று அவள் கேட்கும்போது நான் இணைப்பைத் துண்டித்துவிட்டேன். திங்கட்கிழமை அந்த உறையை அவள் எப்படிப் பிரிப்பாள் என்று எனக்குத் தெரியும்.

கூரியர் கடை வாசலில் வேன் கதவு திறந்திருந்தது. முகப்பு மேசைமேல் கடிதத்தை மூன்றாக மடித்தேன். மடிப்புக்குள், தகட்டை இழைத்தபோது சுருண்டு விழுந்த மரச்சீவல் ஒன்றை வைத்தேன். பிறகு நினைவு வந்து, கடிதத்தைத் திரும்பப் பிரித்து, ஓரத்தில் ஒரு வரி சேர்த்தேன்: “செருப்பு அலமாரிப் பலகையைத் தொட்டியோடு சேர்த்து அனுப்பிவிடு.”

உறையின் வாயில் பசைத் தாளை உரித்து ஒட்டி, நகத்தால் ஓரம் முழுக்க அழுத்தினேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அதைத் தராசில் வைத்தாள். தராசு காட்டிய எண்ணை எட்டிப் பார்த்து நானும் மனதில் குறித்துக்கொண்டேன். அவள் முத்திரை குத்தி, வேன்காரரின் சாக்குப் பையில் போட்டாள்.